நிலை உளுத்தால் பூட்டு எதற்கு?



போன மழைக்காலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம். முடிந்து கிளம்பும்போது ஓர் அக்கா, "ஒரு வாய் வரக்கோப்பி குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்று கூப்பிட்டார். கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அக்கா உதிரிப் பழம் பொறுக்கி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பெரியவள் இடைநிலைப் பள்ளி, சின்னவன் தமிழ்ப்பள்ளி.

அஞ்சடியில் செருப்பைக் கழற்றும்போதே கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தேன். புதுப் பூட்டு, என் உள்ளங்கை அளவு இருந்தது. "நல்ல பூட்டா வாங்கியிருக்கீங்களே அக்கா" என்றேன். அவர் சிரித்தார். "பூட்டு நல்லாத்தான் இருக்கு. நிலையைத் தொட்டுப் பாருங்க."

கொண்டி அடித்திருந்த நிலைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். நனைந்த ரொட்டியில் போவதுபோல விரல் உள்ளே போனது. கொண்டியின் நாலு திருகாணியில் இரண்டு கையோடு வந்துவிட்டன. தீபாவளிக்கு அடித்த நீலப் பெயிண்ட் மேலே பளபளவென்று இருக்கிறது, உள்ளே மரம் இல்லை. அடியில் தொடங்கிய உளுப்பு இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது.

"ராத்திரியில மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் படுக்கிறோம் தம்பி. பகல்லதான் பயமா இருக்கு. இவ பள்ளிவிட்டு வந்தா நான் வர்ற வரைக்கும் தனியாத்தானே இருக்கா."

"கிராணிகிட்ட சொன்னீங்களா?"

"மூணு தடவை சொல்லியாச்சு. பார்க்கலாம், பார்க்கலாம்னாரு."

"எழுதிக் குடுத்தீங்களா?"

"எழுதணுமா?"

அந்த ஒரு கேள்விதான் இந்த வாரம் என்னை இதை எழுத வைத்தது. எழுதத்தான் வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு. நாங்கள் இருந்தது பழைய ரப்பர்த் தோட்டத்துப் பலகை வீடு. சமையல்கட்டுப் பின்வாசல் நிலையைக் கறையான் தின்றுவிட்டது. தோட்டத்து ஆசாரியிடம் சொன்னால் "ஆபீஸ் உத்தரவு வேணும்" என்பார். ஆபீசுக்குப் போய்ப் பேச அப்பாவுக்குத் துணிவு கிடையாது. பால் மரம் வெட்டுவதில் சூரர். மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தால் நாக்கு எழாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பம் ஒன்றை இரவல் வாங்கி வந்து, தானே நிலைக்காலை அறுக்கத் தொடங்கினார்.

பழைய பலகை வீடுகளில் பல இடங்களில் நிலைக்கால் வேறு, வீட்டுத் தூண் வேறு என்று கிடையாது. கூரை விட்டம் அதன் தலைமேல்தான் உட்கார்ந்திருக்கும். முக்கால்வாசி அறுத்ததும் ரம்பம் இறுகிக்கொண்டது. மேலே இருக்கிற பாரம் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்பாவுக்குத் தெரியவில்லை, பலத்தைக் கொடுத்து இழுத்தார். மடார் என்று ஒரு சத்தம். விட்டம் ஒரு சாண் கீழே வந்துவிட்டது. தகரம் பிய்ந்து தொங்கியது. பக்கத்து வீட்டு மாமா ஓடி வந்து தோள் கொடுக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ, அடுப்புப் பக்கம் அம்மா இருந்தார்.

மறுநாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. அனுமதி இல்லாமல் வீட்டில் கை வைத்துச் சேதப்படுத்தியதாகச் சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. அந்த மாதம் அம்மா மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டுத் தலை குனிந்து வந்தது மட்டும் எனக்கு ஞாபகம். உளுத்த நிலையை விட்டுவைத்தது நிர்வாகம், குற்றவாளி ஆனது அப்பா.

ஆகவே தோழர்களே, தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் முதலில் ரம்பத்தை எடுக்காதீர்கள், பேனாவை எடுங்கள்.

தொழிலாளர் வீடுகளுக்கென்று 1966ஆம் ஆண்டிலேயே ஒரு குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. பிறகு 1990ஆம் ஆண்டில் அதற்குப் பதிலாகச் சட்டம் 446 வந்தது. 2019இல் அதைத் திருத்தினார்கள். திருத்தம் 2020 ஜூன் மாதம் முதல் நடப்புக்கு வந்தது. நம் விஷயத்துக்கு அதில் முக்கியமான சங்கதி, முதலாளி கொடுக்கும் வீட்டைப் பழுது பார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்பது. கருணை அல்ல, கடமை. அதே சட்டத்தில், கட்டடத்தில் எதையும் சேர்ப்பதற்கும் மாற்றுவதற்கும் எழுத்துமூலம் ஒப்புதல் வேண்டும் என்றும் இருக்கிறது. நீங்களாக நிலையை அறுத்தால் இந்த இரண்டாவது சங்கதியைத்தான் உங்கள்மேல் எடுத்து வீசுவார்கள், முதலாவதைச் சொல்லவே மாட்டார்கள். சம்பளத்தில் பிடிப்பது பற்றி 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. எதைப் பிடிக்கலாம் என்று அதில் வரையறை உண்டு. நினைத்ததையெல்லாம் பிடிக்க முடியாது. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவரிடம் சொல்லவும் ஆள் இருக்கவில்லை.

கடிதத்துக்குப் பெரிய இலக்கணம் வேண்டாம். வீட்டு எண், எந்த வாசல், என்றிலிருந்து இப்படி இருக்கிறது, இதற்கு முன் யாரிடம் எப்போது சொன்னீர்கள், அவ்வளவுதான். மலாயில் எழுத முடிந்தால் நல்லது, பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் தேதி போட்டுச் சாப்பு குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பு குத்த மறுத்தால் கிளைச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். படத்தில் உளுத்த இடமும் வீட்டு எண்ணும் தெரிய வேண்டும். பதில் வராவிட்டால் சங்கம், அதற்கும் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சாப்பு குத்திய தாள் போகாது.

சரி, வேலையைச் செய்வது ஆபீஸ் என்றால் நாம் ஏன் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்? ஆபீஸ் அனுப்பும் குத்தகைக்காரர் ஒரு வாளி சிமென்ட்டோடு வருவார். பொத்தலில் அப்புவார், மேலே பெயிண்ட் அடிப்பார், போய்விடுவார். அடுத்த மழைக்குள் பழைய கதைதான். அதுவும் தவிர, தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் சொந்த வீடு வாங்கிய குடும்பங்கள் இன்று நிறைய. அங்கே கிராணியும் இல்லை, ஆசாரியும் இல்லை. நிலை உங்களுடையது, செலவும் உங்களுடையது.

நிலை ஏன் எப்போதும் அடியில் உளுக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மரத்தை உளுக்க வைப்பது ஒருவகைக் காளான். அதற்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20க்குக் கீழே இருந்தால் அது வளராது. நிலைக்காலின் அடி வெட்டு வாய் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறது. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏறிய நரம்புகள் எல்லாம் அங்கே திறந்து கிடக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தரை ஈரத்தை இழுக்கும். தாழ்வாரம் குட்டையாக இருந்தால் மழைத் தண்ணீர் தெறிக்கும். போதாததற்கு வெள்ளிக்கிழமை தோறும் நாமே வாளி வாளியாக ஊற்றி வாசலைக் கழுவி, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறோம். ஊற்றிய தண்ணீர் நிலையின் அடியில் தேங்கி நிற்பதை யாரும் பார்ப்பதில்லை.

கறையான் வேறு, உளுப்பு வேறு. உளுத்த மரம் ஈர வாடை அடிக்கும். காய்ந்தால் சின்னச் சின்னக் கட்டிகளாக வெடித்து உதிரும். கறையான் தின்ற மரத்தில் மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே மண் அப்பியிருக்கும், தட்டினால் பெட்டிபோல் சத்தம் கேட்கும். சுவரோரம் மண்கோடு ஏறியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கறையானை விட்டுவிட்டு நிலையை மட்டும் மாற்றினால் அதற்குப் புது விருந்து வைத்ததாகத்தான் அர்த்தம். அதற்காக மருந்தடிக்கும் வேலையில் இருப்பவர்கள் தோட்டத்து மருந்தைக் குப்பியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. களைக்கொல்லிக்குக் கறையான் சாகாது. பிள்ளைகள் கையில் பட்டால்தான் ஆபத்து. கறையானுக்கென்று தனி மருந்து உண்டு, அதைத் தெரிந்தவர் அடிக்க வேண்டும்.

எவ்வளவு தூரம் உளுத்திருக்கிறது என்று பார்க்க ஒரு திருப்புளி போதும். அடியிலிருந்து விரற்கடை விரற்கடையாகக் குத்திக்கொண்டே மேலே போங்கள். எங்கே திருப்புளி நிற்கிறதோ அங்கேதான் நல்ல மரம் தொடங்குகிறது. உளுப்பு அடியில் ஒரு சாணுக்குள் இருந்தால் முழு நிலையையும் மாற்ற வேண்டாம். நல்ல மரத்துக்குள் இன்னும் மூன்று நாலு அங்குலம் ஏறி அறுத்துவிட்டு, புதுத் துண்டை ஒட்டுப்போடலாம். பழையதில் பாதி, புதியதில் பாதி செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்து, பசை பூசித் திருகாணியால் முடுக்க வேண்டும். வெளிப்பக்கம் தெரியும் வெட்டு, தண்ணீர் வெளியே வழியும்படி சாய்வாக இருக்கட்டும். கொண்டி, கீல் இருக்கும் இடம்வரை உளுப்பு ஏறிவிட்டால் ஒட்டுப்போடுவது வீண். அக்கா வீட்டு நிலை அப்படித்தான் இருந்தது.

மரம் வாங்கும்போது கவனம் வேண்டும். செங்கால் மரம்தான் ராஜா. வெயில், மழை, கறையான் எல்லாம் தாங்கும், ஆனால் விலை கையைச் சுடும். பாலாவ் அதற்கு அடுத்து நல்ல மரம். கெருயிங், கெம்பாஸ் மலிவு, பார்வைக்கு வயிரம் பாய்ந்த மரம்போல இருக்கும். ஆனால் மருந்து ஏற்றாத கெம்பாஸ் கறையானுக்குக் கற்கண்டு. இலேசான மெராந்தி உள்ளறைக்குச் சரி, மழை படும் வாசலுக்கு வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் செங்கால் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டு இழைத்தால் புதுசையும் தோற்கடிக்கும்.

ரப்பர் மரத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். மூன்று தலைமுறை நாம் வெட்டிய மரம். அந்த மரத்தில் செய்த மேசை நாற்காலி கப்பலேறி வெளிநாடு போகிறது. ஆனால் மாவுச்சத்து நிறைந்த மரம் அது. மருந்து ஏற்றாவிட்டால் வண்டும் பூஞ்சையும் உடனே பிடித்துக்கொள்ளும். மழை படும் வாசலுக்கு ஆகவே ஆகாது. நம் வாழ்நாளைக் கொடுத்த மரம் நம் வாசலில் நிற்காது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

இனி வேலை. முதலில் மேலே பாருங்கள். பலகை வீடாக இருந்தால், அல்லது பாதி கல் பாதி பலகை வீடாக இருந்தால், விட்டம் நிலையின்மேல் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் அறுக்காதீர்கள். நிற்கிறது என்றால் விட்டத்துக்கு இரண்டு பக்கமும் தடித்த கட்டை முட்டுக் கொடுத்து, அடியில் பலகை போட்டு ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். என் அப்பா செய்யாமல் விட்டது அது ஒன்றுதான். பழைய வீடுகளில் சுவரிலோ கூரையிலோ சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கக்கூடும். அதை ரம்பத்தால் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். அப்படி இருந்தால் வேலையை நிறுத்தி, அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கதவைக் கழற்றும்போது அடியில் ஆப்பு வைத்துத் தாங்கிக்கொண்டு, கீழ்க் கீலை முதலிலும் மேல் கீலைக் கடைசியிலும் கழற்றுங்கள். மாற்றிச் செய்தால் கதவு தலைமேல் விழும். பழைய நிலையை அப்படியே பிடுங்கப் பார்த்தால் சுவர் பெயர்ந்துவிடும். இரண்டு காலையும் நடுவில் அறுத்து, துண்டு துண்டாக நெம்பி எடுப்பதே சுலபம். சுவருக்குள் போகும் இரும்புப் பட்டை தென்பட்டால் இரும்பு அறுக்கும் வாளால் வெட்டுங்கள்.

புது நிலைக்கு வாசலின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் சின்னதையே கணக்கில் எடுக்க வேண்டும். நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டம் போதும். சட்டத்தைப் பூட்டியதும் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் நிலை சதுரமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தாலும் கதவு ஆயுள் முழுக்கத் தரையை உரசும். சுவரில் வைத்து ஆப்பால் நிறுத்தித் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், முன்பக்கம் ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. பிறகு நிலைக்கு நடுவே குறுக்குக் கட்டை இரண்டு இறுக்கி வைத்துவிட்டுத்தான் சுவர் இடைவெளியில் சிமென்ட் அடைக்க வேண்டும். இல்லையென்றால் அடைக்கும் சிமென்ட் சட்டத்தை உள்ளே வளைத்துவிடும். குறுக்குக் கட்டையை மூன்று நாள் எடுக்காதீர்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்காசு புகும் இடைவெளி இருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் ஊதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது அடிப்பக்கம். நிலைக்காலை ஈரச் சிமென்ட்டில் புதைக்கிற பழக்கம் பல கொத்தனார்களுக்கு உண்டு. "ஆடாம நிக்கும்" என்பார்கள். நிற்கும், உளுக்கும் வரைக்கும் நிற்கும். வெட்டு வாயில் பெயிண்ட்டை இரண்டு மூன்று தடவை ஊற ஊறப் பூசி, காய்ந்த பிறகு, தரையிலிருந்து அரை அங்குலமாவது தூக்கி நிறுத்துங்கள். ஆடாமல் இருக்க அடியில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகித் தரையில் இறக்கினால் போதும். வாசல் தரையும் வெளியே சாய்வாக இருக்க வேண்டும்.

அக்கா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே பெரியவள் மலாயில் கடிதம் எழுதினாள், என்னைவிட நன்றாகவே எழுதினாள். திங்கட்கிழமை கொடுத்துச் சாப்பு வாங்கினார்கள். மூன்று வாரம் பேச்சு மூச்சில்லை. கிளைச் செயலாளரும் நானும் அந்தப் பிரதியையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போய் மானேஜரைப் பார்த்தோம். அடுத்த பிரதி தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் என்று மரியாதையாகச் சொன்னோம். ஐந்தாவது வாரம் குத்தகைக்காரர் வந்தார். நான் சொன்ன அதே சிமென்ட் வாளியோடுதான் வந்தார். அக்கா ஒன்றும் பேசவில்லையாம். சமையல்கட்டிலிருந்து திருப்புளியை எடுத்து வந்து, அவர் கண்முன்னே நிலைக்குள் பிடிவரைக்கும் இறக்கிக் காட்டியிருக்கிறார். மறுவாரம் முழு நிலையும் மாறியது. அடியைத் தூக்கி வைக்கச் சொன்னதற்கு அந்த ஆள், "அம்மாவுக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாராம்.

"வெள்ளிக்கிழமை இனிமே நிலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க அக்கா. துணியை நனைச்சுத் துடைச்சுட்டு மஞ்சள் குங்குமம் வைங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி ஊத்தாம அது என்ன தம்பி வெள்ளிக்கிழமை?" என்று முகத்தைச் சுளித்தார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். வாசல் கழுவியிருந்தது, நிலையின் அடி மட்டும் காய்ந்து கிடந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்த மேசை சன்னலோரம் போயிருந்தது. அதன்மேல் பெரியவளின் புத்தகங்கள் இருந்தன. பக்கத்து வீட்டு அண்ணன் தன் வீட்டுப் பின்வாசலைக் காட்ட, கையில் திருப்புளியோடு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.